நடந்து வெளியேறியவர்கள்: கிரிக்கெட்டின் அகால மரணங்களும் மாயாபந்தரின் தூரமும்

மாயாபந்தரிலிருந்து போர்ட் பிளேருக்கு அந்தமான் பெருஞ்சாலை வழியே ஏறத்தாழ 240 கிலோமீட்டர். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட அந்தத் தலைநகருக்குப் போகும் வழியில் ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதி குறுக்கிடுகிறது. அதனுள்ளே வாகனங்கள் குறித்த நேரங்களில், காவல் துணையோடு, வரிசையாகத்தான் செல்ல முடியும். பாராடாங் தீவுக்கும் தெற்கு அந்தமானுக்கும் இடையிலுள்ள நீரிணையில் வண்டியைப் படகில் ஏற்றி அக்கரையில் இறக்க வேண்டும். விடியலில் புறப்பட்டாலும் பகலின் பெரும்பகுதி பயணத்திலேயே கழிந்துவிடும். வடக்கு, மத்திய அந்தமான் மாவட்டத்தின் தலைமையிடம் என்பதால் மாயாபந்தரில் மாவட்ட மருத்துவமனை உண்டு. அதற்கு மேற்பட்ட சிகிச்சை வேண்டுவோர் இந்தச் சாலையையோ, வானிலை இடங்கொடுத்தால் ஹெலிகாப்டரையோ, பல சமயம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சென்னையையோ நம்ப வேண்டியிருக்கிறது.

இந்தத் தூரத்துக்கும் கிரிக்கெட் வீரர்களின் அகால மரணத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. மைதானத்தில் அடிபட்டு இறந்தவர்களின் வரலாற்றை ஒருசேர வைத்துப் படித்தால், அவர்களில் பலரைக் கொன்றது பந்து மட்டுமன்று என்பது புலப்படும். அடிக்கும் சிகிச்சைக்கும் இடையில் வீணாய்ப்போன நேரத்துக்கும் அதில் பங்குண்டு.

வீரர் ஒருவர் இளம் வயதில் இறந்தால் எழுதப்படுபவை பெரும்பாலும் அஞ்சலிகளே. ‘விதி விளையாடிவிட்டது’, ‘காலன் பறித்துக்கொண்டான்’, ‘இருந்திருந்தால் இன்னும் எத்தனை சதங்கள் அடித்திருப்பாரோ’ என்று அவை புலம்பும். துக்கத்தில் இருப்பவருக்கு அத்தகைய சொற்கள் ஆறுதல் தரலாம். ஆனால் விதி என்று சொல்லி முடித்தவுடன் விசாரணையும் முடிந்துவிடுகிறது. அணிந்திருக்க வேண்டிய தலைக்கவசம் எங்கே, அவசர ஊர்தியை அழைத்தவர் யார், எத்தனை நிமிடத்தில் அழைத்தார், அடிபட்டவரை வீட்டுக்கு அனுப்பியவர் யார் என்ற கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன. அகால மரணம் என்ற ஒரே தொடருக்குள் மூன்று வேறு கால அளவுகள் ஒளிந்திருக்கின்றன. நெஞ்சில் விழும் அடிக்கு மீட்பு நிமிடங்களில் வர வேண்டும். தலையில் விழும் அடிக்குச் சில மணி நேரம் அவகாசம் இருக்கலாம். நோய்க்கும் சாலை விபத்துக்கும் விளையாட்டின் விதிகளுக்கும் கணக்கு ஆண்டுகளில் ஓடுகிறது. மூன்றையும் தனித்தனியே பார்த்தால்தான் எதைத் தடுத்திருக்க முடியும், எதை முடியாது என்பது தெளிவாகும்.

முதலில் தலைக் காயம். 1870 ஜூனில் இலண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் எம்.சி.சி. அணிக்கு எதிராக நாட்டிங்ஹாம்ஷயர் ஆடியது. அந்நாளைய லார்ட்ஸ் ஆடுகளம் மேடுபள்ளத்துக்குப் பெயர்போனது. ஜான் பிளாட்ஸ் வீசிய பந்து எகிறி ஜார்ஜ் சம்மர்ஸின் கன்னத்து எலும்பைத் தாக்கியது. சம்மர்ஸ் விழுந்தார், பின்னர் தேறினார். நலமாக இருப்பதாகவே எல்லோரும் எண்ணினர். ரயிலேறிச் சொந்த ஊர் திரும்பினார். அடிபட்ட நான்காம் நாள் இறந்துபோனார். அப்போது வயது 25. அவருக்கு அடுத்து மட்டை பிடிக்க வந்த ரிச்சர்ட் டாஃப்ட் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாராம். அது கேலியா, கண்டனமா, அச்சமா என்று பிரித்துச் சொல்வது கடினம். அந்த ஆடுகளத்தைப் பற்றிய முதல் புகார் மனு அந்தத் துண்டுதான்.

128 ஆண்டுகள் கழித்து டாக்காவில் அதே கதை மீண்டும் நிகழ்ந்தது. 1998 பிப்ரவரி 20, பங்கபந்து மைதானம், டாக்கா பிரீமியர் லீக். அபஹானி அணிக்காக ஆடிய இந்திய வீரர் ராமன் லாம்பா, முகமதன் ஸ்போர்ட்டிங் அணிக்கு எதிராக ஷார்ட் லெக் நிலையில் வந்து நின்றார். அந்த ஓவரில் மூன்று பந்துகளே மீதி இருந்ததால் தலைக்கவசம் வரவழைக்கப்படவில்லை. மெஹ்ராப் ஹுசைன் ஓங்கி அடித்த பந்து லாம்பாவின் நெற்றியில் மோதித் தெறித்தது. விக்கெட் கீப்பர் காலித் மஷூத் அதைப் பிடித்தார், மட்டையாளர் ஆட்டமிழந்தார். லாம்பா தம் காலாலேயே நடந்து மைதானத்தை விட்டு வெளியேறினார். உடை மாற்றும் அறைக்குப் போன பிறகு நிலை மோசமாகி நினைவிழந்தார். மண்டைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் நினைவு திரும்பவில்லை. பிப்ரவரி 23 அன்று இறந்தார். துலீப் கோப்பை இறுதிப் போட்டியில் 320 ஓட்டங்கள் குவித்தவர், இந்தியாவுக்காக 4 டெஸ்ட்களும் 32 ஒருநாள் போட்டிகளும் ஆடியவர், 38 வயதில் மூன்று பந்துக் கணக்கில் போய்விட்டார். அந்தப் பந்தை அடித்த மெஹ்ராப் அடுத்த ஆண்டே வங்கதேசத்தின் முதல் ஒருநாள் சதத்தை அடித்தார் என்பதும் அந்த வரலாற்றின் ஒரு பகுதி. பந்தை அடித்தவரிடமோ வீசியவரிடமோ குற்றம் தேடுவதில் பொருளில்லை.

2015 ஏப்ரலில் கொல்கத்தாவில் மூன்றாவது தடவை. 19 வயதுக்குட்பட்டோர் பெங்கால் அணிக்குத் தலைமை தாங்கிய அங்கித் கேஷ்ரி, உள்ளூர்ப் போட்டி ஒன்றில் மாற்று ஃபீல்டராக இறங்கினார். உயரே எழும்பிய பந்தைப் பிடிக்க ஓடியபோது சக வீரரோடு மோதி விழுந்தார். மருத்துவமனையில் தேறி வருவதாகவே நம்பப்பட்டது. மூன்றாம் நாள் மாரடைப்பில் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 20.

இந்த மூன்று மரணங்களையும் பிணைக்கும் இழை ஒன்று உண்டு. மூவரும் அடிபட்ட பிறகு சிறிது நேரமோ சில நாட்களோ ‘நன்றாகத்தான் இருக்கிறார்’ என்று மற்றவர்கள் நம்பும் நிலையில் இருந்தார்கள். சில தலைக் காயங்களில் மண்டையோட்டின் உட்புறத்து இரத்தக் குழாய் கிழிந்து, இரத்தம் மெல்ல மெல்லச் சேரும். மூளை அழுத்தத்துக்கு உள்ளாகும் வரை அடிபட்டவர் தெளிவாகப் பேசுவார், சிரிப்பார், தண்ணீர் கேட்டுக் குடிப்பார். மருத்துவர்கள் இதைத் தெளிவு இடைவேளை என்பர். பார்ப்பவருக்கு அது குணமடைதலாகத் தோன்றும். உண்மையில் அது சிகிச்சைக்குக் கிடைத்திருக்கும் கடைசி அவகாசம். ‘ஒன்றுமில்லை, எழுந்து நடந்துவிட்டான்’ என்பது கிரிக்கெட் மைதானங்களில் சொல்லப்படும் வாக்கியங்களிலேயே மிக ஆபத்தானது.

உலகின் மிகச் சிறந்த மருத்துவ வசதி சூழ்ந்த மைதானத்திலும் இந்த ஏமாற்றம் நேர்ந்திருக்கிறது. 2019 ஆகஸ்டில், அதே லார்ட்ஸில், ஜோஃப்ரா ஆர்ச்சரின் பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. வெளியேறிய ஸ்மித் திரும்பி வந்து ஆடினார். மூளையதிர்ச்சியின் அறிகுறிகள் மறுநாள்தான் தெரிந்தன. அவருக்குப் பதில் மார்னஸ் லபுஷேன் ஆடினார். டெஸ்ட் வரலாற்றில் மூளையதிர்ச்சிக்காக இறக்கப்பட்ட முதல் மாற்று வீரர் அவர். லார்ட்ஸிலேயே ஓர் இரவு தாமதித்துத் தெரிந்த உண்மை, மருத்துவரே இல்லாத மைதானத்தில் எப்போது தெரியும்?

தீவு என்பதால் எல்லாம் இழந்தாற்போல் என்று எண்ணவும் வேண்டியதில்லை. அதற்குச் சான்று இன்னொரு தீவிலிருந்தே கிடைக்கிறது. 1962 மார்ச்சில் பார்படாஸ் தீவில் இந்திய அணித் தலைவர் நாரி கான்டிராக்டரின் மண்டையை சார்லி கிரிஃபித்தின் பந்து உடைத்தது. அவருக்கு அப்போது 28 வயது. உடனடி அறுவை நடந்தது. மூளை அறுவையில் தேர்ந்த மருத்துவர் டிரினிடாட் தீவிலிருந்து வர வேண்டியிருந்தது. இரத்தம் தேவைப்பட்டபோது முதலில் கை நீட்டியவர் எதிரணித் தலைவர் ஃபிராங்க் வொரல். உம்ரிகர், போர்டே, நாட்கர்னி ஆகியோரும் கொடுத்தனர். ஆறு நாள் நினைவின்றிக் கிடந்த கான்டிராக்டர் பிழைத்தார். பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி அவர் மண்டையில் உலோகத் தகடு பொருத்தினார். டெஸ்ட் வாழ்வு முடிந்தது, உயிர் முடியவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்து, 2022இல், அந்தத் தகடு எடுக்கப்பட்டது. அன்று இரத்தம் கொடுத்த வொரலோ 1967இல் இரத்தப் புற்றுநோயால் 42 வயதிலேயே மறைந்தார். பெங்கால் கிரிக்கெட் சங்கம் ஆண்டுதோறும் பிப்ரவரி 3 அன்று அவர் பெயரால் இரத்ததானம் நடத்துகிறது.

கான்டிராக்டர் பிழைத்ததற்கும் லாம்பா இறந்ததற்கும் காயத்தின் தன்மை காரணமாக இருக்கலாம். அதை யாரும் உறுதியாகப் பிரித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் கான்டிராக்டரின் காயத்தை யாரும் ஒரு கணமும் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது உறுதி. வல்லுநர் இல்லாத தீவு, வல்லுநரை வரவழைத்தது. இரத்தம் இல்லாத இடத்தில் எதிரணி இரத்தம் கொடுத்தது. தூரத்தை வெல்வதற்கு அங்கே பயன்பட்டவை தாமதமின்மையும் முன்வந்த கைகளுமே.

அடுத்தது நெஞ்சில் விழும் அடி. இங்கே மணிக்கணக்குக்கே இடமில்லை. 1959 ஜனவரியில் கராச்சியில் நடந்த காயிதே ஆஸம் கோப்பை இறுதிப் போட்டியில் அப்துல் அஜீஸ் என்ற பதின்வயது விக்கெட் கீப்பர் மட்டை பிடித்தார். மெதுவாக வீசப்பட்ட சுழற்பந்து ஒன்று அவர் நெஞ்சில் பட்டது. அடுத்த பந்துக்குத் தயாராகும்போதே சரிந்தார். மருத்துவமனை போய்ச் சேருமுன் உயிர் போயிற்று. வேகப்பந்து வேண்டியதில்லை, இதயத் துடிப்பின் சுழற்சியில் நொடியின் மிகச் சிறு பகுதியளவே நீடிக்கும் ஒரு கணத்தில் அடி விழுந்தால், ஆரோக்கியமான இதயமும் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடும். மருத்துவ நூல்கள் இதை காமோஷியோ கார்டிஸ் என்கின்றன. 2015 ஜூலையில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், பிரித்தானியத் தமிழர் லீக் போட்டியொன்றில், மானிப்பாயின் பெயரைத் தாங்கிய கழகத்துக்காக ஆடிய 24 வயது ஈழத்தமிழ் இளைஞர் நெஞ்சில் பந்து பட்டுச் சுருண்டு விழுந்து இறந்தார். யாழ்ப்பாணத்து ஊர்ப் பெயரைப் புலம்பெயர்ந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் உயிர்ப்பித்துக்கொண்டிருந்த ஓர் அணிக்கு அது எத்தகைய இழப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதயம் இவ்வாறு நின்றபின் மின்னதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. பத்து நிமிடத்துக்குள் கதை முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் எந்த ஊரின் அவசர ஊர்தியும் வந்து சேராமல் போகலாம். அங்கிருப்பவர்களில் யாரேனும் ஒருவர் நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர். செய்யத் தெரிந்தவராக இருந்தால் மட்டுமே நேரம் நீளும். 1975 பிப்ரவரியில் ஆக்லாந்தில் நியூஸிலாந்தின் ஈவன் சாட்ஃபீல்டு தம் முதல் டெஸ்டிலேயே பீட்டர் லீவரின் பந்து தலையில் பட்டு விழுந்தார். இதயம் நின்றது. இங்கிலாந்து அணியின் உடலியக்க மருத்துவர் பெர்னார்ட் தாமஸ் ஓடிவந்து வாயோடு வாய் வைத்து மூச்சூதி, நெஞ்சை அழுத்தி அவரை மீட்டார். சாட்ஃபீல்டு அதன் பிறகு மேலும் 42 டெஸ்ட்கள் ஆடினார். 42 டெஸ்ட்கள் என்பது ஒரு மனிதனின் முழு விளையாட்டு வாழ்க்கை. அதை மீட்டுக் கொடுத்தது இரண்டு கைகள்.

2025 மார்ச் 24 அன்று வங்கதேசத்தின் தமீம் இக்பால் சாவாரில் நடந்த டாக்கா பிரீமியர் லீக் போட்டியின்போது மாரடைப்பில் வீழ்ந்தார். அதே லீக்; லாம்பாவுக்கு எதிராக ஆடிய அதே முகமதன் அணியின் தலைவர். ஹெலிகாப்டரில் ஏற்ற முடியாத நிலையில், அணியின் பயிற்சியாளர் ஒருவர் சி.பி.ஆர். தொடர்ந்து கொடுக்க, அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே இரத்தக் குழாய் அடைப்பு நீக்கப்பட்டது. 36 வயதுத் தமீம் பிழைத்தார். ஒரே லீக்கில் 27 ஆண்டு இடைவெளியில் நடந்த இந்த இரண்டு நிகழ்ச்சிகளின் நோய்கள் வேறு, முடிவுகளும் வேறு. இரண்டாவதில் உயிரைப் பிடித்துவைத்தவை பயிற்சி பெற்ற கைகளும் அருகிலேயே இருந்த மருத்துவமனையும்.

மூன்றாவது, ஆண்டுகளின் கணக்கு. இதில் கிரிக்கெட்டின் பொறுப்பு இடத்துக்கிடம் மாறுகிறது. 19 வயதில் அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிராக 164 அடித்து டெஸ்ட் வாழ்வைத் தொடங்கிய ஆர்ச்சி ஜாக்சன் 1933 பிப்ரவரியில் 23 வயதில் காசநோயால் இறந்தார். அதைக் குணப்படுத்தும் ஸ்டிரெப்டோமைசின் அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்தே கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவின் முதல் டெஸ்டில், 1932இல், நாட்டின் முதல் டெஸ்ட் அரைச்சதத்தை அடித்த அமர் சிங் 1940 மே மாதத்தில் 29 வயதில் நிமோனியாவால் மறைந்தார். பென்சிலின் இன்னும் நோயாளிகளை வந்தடையாத காலம் அது. இந்த இருவரின் மரணத்துக்குக் கிரிக்கெட்டிடம் கணக்குக் கேட்க முடியாது. கொழும்பைச் சேர்ந்த தமிழர், இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஸ்ரீதரன் ஜெகநாதன் அதே நிமோனியாவுக்கு 1996 மே 14 அன்று பலியானார். வயது 44. இலங்கை உலகக் கோப்பையை வென்று இரண்டே மாதங்கள் ஆகியிருந்தன. இலங்கைக்காக டெஸ்ட் ஆடியவர்களில் முதலில் இறந்தவர் அவரே. வெற்றியின் ஆரவாரத்தில் அந்த மரணம் தமிழர் நினைவில்கூட அதிகம் தங்கவில்லை.

சாலை இன்னொரு கொலைக்களம். 1959இல் மேற்கிந்தியத் தீவுகளின் கோலி ஸ்மித் 26 வயதில், 1992 ஜனவரியில் பஞ்சாபின் துருவ் பாண்டவ் 18 வயதில், 2002 மார்ச்சில் இங்கிலாந்தின் பென் ஹாலியோக் 24 வயதில் கார் விபத்துகளில் இறந்தனர். 2007 மார்ச் 16 அன்று குல்னா அருகே மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த வங்கதேசத்தின் மஞ்சுருல் இஸ்லாம் ராணாவுக்கு வயது 22. டெஸ்ட் ஆடியவர்களில் அவரினும் இளம் வயதில் அதுவரை யாரும் இறந்ததில்லை. மறுநாள் அவருடைய தோழர்கள் உலகக் கோப்பையில் இந்தியாவை வென்றார்கள்.

ஆண்டுகளின் கணக்கில் கிரிக்கெட் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டிய பகுதி ஒன்று உண்டு. அது விதிகள் வந்த வேகம். 2014 நவம்பர் 25 அன்று சிட்னி மைதானத்தில் 63 ஓட்டங்களுடன் ஆடிக்கொண்டிருந்த ஃபிலிப் ஹியூஸின் கழுத்தில், தலைக்கவசம் மூடாத இடத்தில், பந்து தாக்கியது. மூளைக்குச் செல்லும் தமனி கிழிந்தது. இரண்டு நாள் கழித்து, 26ஆம் பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்கையில் இறந்தார். ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வாரியம் தனி ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. மரண விசாரணை நடந்தது. அவசர உதவியை அழைத்ததில் குறைகள் இருந்ததையும், அவை மரணத்துக்குக் காரணமாகவில்லை என்பதையும் விசாரணை அதிகாரி பதிவு செய்தார். இனிமேல் அழைப்பு முறை தெளிவாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். 2019 ஆகஸ்டு முதல் மூளையதிர்ச்சிக்கு மாற்று வீரரை இறக்கச் சர்வதேச விதி அனுமதித்தது. 2023 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் உயர்நிலைப் போட்டிகளில் கழுத்துக் காப்பு கட்டாயமாயிற்று.

லாம்பாவுக்கு? மட்டையாளருக்கு முன்புறம் நெருங்கி நிற்கும் ஃபீல்டர் தலைக்கவசம் அணிந்தே ஆக வேண்டும் என்று சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் கட்டாயமாக்கியது 2023 ஜூன் மாதத்தில். டாக்காவில் அந்த மூன்று பந்துகளுக்காகத் தலைக்கவசம் தவிர்க்கப்பட்ட நாளிலிருந்து 25 ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் அணிவதும் அணியாததும் வீரரின் விருப்பமாகவும், சில சமயம் வீரத்தின் அடையாளமாகவும் இருந்தது. ஹியூஸ் இறந்தது நேரடி ஒளிபரப்பின் காலத்தில், பணமும் அமைப்பும் உள்ள நாட்டில். லாம்பா இறந்தது அயல்நாட்டு உள்ளூர் லீக்கில். ஒரு மரணம் விதியாக மாறுவதற்கு அது எந்த மைதானத்தில் நிகழ்ந்தது என்பதும் காரணமாகிறது.

அப்படி வந்த விதியும் மேல்தட்டிலேயே நின்றுவிடுகிறது. 2025 அக்டோபரில் மெல்போர்னில் 17 வயது மாணவர் ஒருவர் வலைப்பயிற்சியின்போது கழுத்தில் பந்து பட்டு இறந்தார். தலைக்கவசம் அணிந்திருந்தார், கழுத்துக் காப்பு இல்லை. உயர்நிலைப் போட்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட அதே காப்பு, உள்ளூர்க் கழகத்தின் மாலைப் பயிற்சிக்குப் பரிந்துரையாக மட்டுமே இருந்தது. ஹியூஸ் இறந்த அதே நாட்டில், பதினோரு ஆண்டுகள் கழித்து, இந்த நிலை.

இங்கிருந்துதான் மாயாபந்தருக்குத் திரும்ப வேண்டும். 1925இல் பர்மாவிலிருந்து வந்து வேபியில் குடியேறிய கரேன் மக்கள், ராஞ்சிப் பகுதியிலிருந்து காட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள், வங்காளிகள், தமிழர், தெலுங்கர் என்று பலரும் சேர்ந்து வாழும் ஊர் அது. இத்தகைய ஊர்களில் மாலை மைதானம் எல்லா மொழிக்காரரும் ஒரே மொழி பேசும் இடம். ரஞ்சிக் கோப்பையில் அந்தமான் நிக்கோபாருக்கு அணி கிடையாது. 2018இல் வடகிழக்கு மாநிலங்கள், புதுச்சேரி, உத்தராகண்டு, பிகார் என்று ஒன்பது அணிகள் சேர்க்கப்பட்டபோதும் தீவுகள் வெளியிலேயே நின்றன. வாரியத்தின் அட்டவணைக்குள் வராத மைதானத்துக்கு வாரியத்தின் மருத்துவர், அவசர ஊர்தி, பாதுகாப்பு நெறி ஆகியவை தாமாக வந்து சேரப்போவதில்லை. தேவையானதை உள்ளூரே செய்துகொள்ள வேண்டும்.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் சொல்லப்படுகின்றன. கிரிக்கெட் மைதானத்தில் மரணம் மிக அரிது, அதற்காக இவ்வளவு ஏற்பாடு தேவையா என்பது ஒன்று. அரிது என்பது உண்மைதான். ஆனால் இந்த ஏற்பாடு கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதன்று. நெஞ்சை அழுத்தத் தெரிந்த இளைஞர், கடலில் மூழ்கியவருக்கும் படகுத்துறையில் மாரடைப்பில் சாய்ந்த முதியவருக்கும் பயன்படுவார். சாலையில் விழுந்தவரின் தலைக் காயத்தை அடையாளம் காணவும் அதே அறிவுதான் வேண்டும். மற்றொரு வாதம், ஏழைப் பிள்ளைகளின் விளையாட்டில் பாதுகாப்புச் செலவை ஏற்றினால் விளையாட்டே நின்றுவிடும் என்பது. இதில் நியாயம் இருக்கிறது. டென்னிஸ் பந்தில் ஆடும் சிறுவனைத் தலைக்கவசம் வாங்கச் சொல்வது அறிவீனம். ஆனால் கார்க் பந்து, தோல் பந்து என்று போட்டி அறிவித்து, நுழைவுக் கட்டணம் வாங்கி, கோப்பையும் ஒலிபெருக்கியும் பந்தலும் ஏற்பாடு செய்பவர்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது. கோப்பைக்குப் பணம் இருக்கும் போட்டியில் பொதுத் தலைக்கவசங்கள் நான்குக்கும் பணம் இருக்கும்.

வேண்டியவை மிகச் சில. கடினப் பந்தில் ஆடும் எந்தப் போட்டியிலும் மட்டையாளர், ஸ்டம்புக்கு அருகில் நிற்கும் விக்கெட் கீப்பர், நெருங்கி நிற்கும் ஃபீல்டர் ஆகிய மூவரும் தலைக்கவசம் அணியாமல் நடுவர் பந்து வீச அனுமதிக்கக் கூடாது. மூன்று பந்து மீதியிருந்தாலும் கூடாது. ஒவ்வோர் அணியிலும் இருவருக்காவது சி.பி.ஆர். தெரிந்திருக்க வேண்டும். ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளக்கூடிய அந்தப் பயிற்சியை மாவட்ட மருத்துவமனையும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி அரசுக் கல்லூரியும் சேர்ந்து எளிதில் நடத்தலாம். நின்ற இதயத்தை மின்னதிர்ச்சியால் மீட்கும் தானியங்கிக் கருவியை ஓர் ஊர் அணி வாங்க முடியாது. மாவட்ட நிர்வாகம் வாங்கிப் படகுத்துறைக்கும் மைதானத்துக்கும் பொதுவாக வைக்க முடியும். போட்டி தொடங்கும் முன்பே அவசர ஊர்தியை யார் அழைப்பது, எந்த வண்டியில் ஏற்றுவது என்று பெயர் சொல்லித் தீர்மானித்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது, பணமே செலவாகாத ஒன்று. தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்தாலும் சிரித்துப் பேசினாலும் அன்று அவருக்கு ஆட்டம் முடிந்தது. அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது; மருத்துவரிடம் காட்ட வேண்டும். தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, மீண்டும் மீண்டும் வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்ப முடியாத தூக்கம் அழுத்தினாலோ, வலிப்பு வந்தாலோ ஒரு கணமும் காத்திருக்கக் கூடாது. சென்னையிலோ கொல்கத்தாவிலோ உள்ளவருக்கு ‘இரவு பார்த்துக்கொள்வோம், காலையில் போவோம்’ என்று சொல்லித் தப்பித்துவிட வாய்ப்பு இருக்கலாம். மாயாபந்தரில் காலை என்பது நீரிணையும் படகும் 240 கிலோமீட்டரும் கழிந்த பிறகே வரும். அங்கே தெளிவு இடைவேளை முழுவதும் பயணத்துக்கே தேவை. அதில் ஒரு மணி நேரத்தைக்கூட நம்பிக்கையில் செலவிட இயலாது.

லாம்பாவின் பெயரில் அஞ்சலிகள் எழுதப்பட்டன. ஹியூஸுக்காக உலகெங்கும் வாசலில் மட்டைகள் சாத்திவைக்கப்பட்டன. அவை தேவையானவையே. ஆனால் இறந்தவர்களுக்குச் செய்யக்கூடிய உருப்படியான மரியாதை, அவர்களுக்குக் கிடைக்காமல் போனதை அடுத்தவருக்குக் கிடைக்கச் செய்வது. மாயாபந்தரில் அடுத்த போட்டிக்கான துண்டறிக்கை அச்சாகும்போது, பரிசுத் தொகைக்குக் கீழே இரண்டு வரிகள் கூடுதலாக இருக்கட்டும்: தலைக்கவசம் இல்லாதவருக்கு அனுமதி இல்லை, தலையில் அடிபட்டவர் நேரே மருத்துவமனைக்கு.